கீழ்த்தட்டில் வைத்த மெழுகுவத்தி

கெர்லா டவுனுக்குப் போகிற ரூட்டில் கவ்ரில் ஓட்டுகிற பஸ்ஸில் வெகுநாளாக ஒரு சண்டை உண்டு. வழியில் கோயில் வரும். எந்தக் கோயில் வந்தாலும் பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேரும், கோழிக்கூடையை மடியில் வைத்திருக்கிறவர்களும் சரி, போனில் கத்திக்கொண்டு வருகிறவர்களும் சரி, கையை நெற்றிக்குக் கொண்டுபோய் மூன்று தரம் சிலுவை போட்டுக்கொள்வார்கள். மற்ற ரூட் டிரைவர்கள் கியர் மாற்றுகிற கையாலேயே போட்டுவிட்டு மறுபடி கியரைப் பிடிப்பார்கள். கவ்ரில் மட்டும் போடமாட்டான். அவனுடைய ரெண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டவைத்த மாதிரி இருக்கும்.

"கவ்ரில் அண்ணே, கோயிலு!" என்று யாராவது பின்னாலிருந்து குரல் கொடுப்பார்கள்.

"பாத்தேன், பாத்தேன். நீங்க கும்பிடுங்க, நான் ஓட்டறேன். நானும் கையை எடுத்தேன்னா எல்லாரும் இன்னைக்கே அவரை நேர்ல பாத்துடலாம்."

பஸ்ஸே சிரிக்கும். சிரிப்பு அடங்குவதற்குள் கோயில் பின்னால் போய்விடும்.

சிரிக்காத ஒரே ஆள் அவன் மாமியார் ரவேக்கா. உயிரோடு இருந்தவரை டிரைவருக்கு நேர் பின்சீட் அவளுடையது. வேறு யாராவது அதில் உட்கார்ந்திருந்தால் எழுந்துகொள்ளும்வரை முறைத்துக்கொண்டே நிற்பாள். "மருமகனே, ஒரு கையை எடுத்தா உன் பஸ்ஸு ஒண்ணும் ஆத்துல விழுந்துடாது" என்பாள். "அத்தே, டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு போர்டு போட்டிருக்கு பாருங்க" என்பான் இவன். இப்படியே ரெண்டு பேரும் கெர்லா வரைக்கும் வருவார்கள்.

ஊருக்கெல்லாம் அவன் ஒரு நாத்திகன். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சியில் கட்சிக்காரர்கள் காதில் ஓதியது இன்னும் இறங்கவில்லை என்று பேசிக்கொள்வார்கள். ஈஸ்டர் அன்றுகூட கோயில் கேட்வரைதான் வருவான். மனைவி சவேத்தாவை இறக்கிவிட்டு, வெளியே நின்று கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பான். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பான். உள்ளே சவேத்தா ஞாயிறு தவறாமல் ரெண்டு மெழுகுவத்தி வைப்பாள். முற்றத்தில் வலப்பக்கத் தகரப்பெட்டியில், உயிரோடு இருப்பவர்களுக்கு ஒன்று. கல்லறைப் பக்கம் இருக்கிற இன்னொரு பெட்டியில், இறந்தவர்களுக்கு ஒன்று. என்ன வேண்டிக்கொண்டாய் என்று அவன் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

"பஸ்ஸு என் பொறுப்பு, சாமி உன் பொறுப்பு" என்று தட்டிக்கழித்துவிடுவான்.

"பஸ்ஸுக்காவது வாரத்துல ஒரு நாள் லீவு. எனக்கு அதுவும் இல்ல" என்பாள் அவள்.

அப்படிப்பட்ட சவேத்தாவுக்குத்தான் அந்த வருஷம் பிளம் பழம் பறித்து முடித்த கையோடு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கோழிக்கூண்டிலிருந்து அடுப்படிக்கு வருவதற்குள் நடுவில் விறகுக்கட்டைமேல் உட்கார்ந்துவிடுவாள். மடியில் முட்டைகளை வைத்துக்கொண்டு "காத்து வாங்கறேன்" என்பாள். கவ்ரில் அதை நம்பினான். நம்ப ஆசைப்பட்டான் என்று சொல்வதுதான் சரி. கடைசியில் க்ளூஜ் நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருக்கிறது, நெஞ்சைத் திறந்துதான் மாற்றவேண்டும், இனி தள்ளிப்போடுவதற்கில்லை என்றாள்.

வால்வு என்றதும் கவ்ரிலுக்கு பஸ்தான் ஞாபகம் வந்தது. வண்டியை ஓடவிட்டுக்கொண்டே எவனும் வால்வு மாற்றமாட்டான்.

"எஞ்சினை நிறுத்துவீங்களா?" என்று கேட்டான்.

டாக்டரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "ஆமா, கொஞ்ச நேரம் நிறுத்தித்தான் ஆகணும். அதுவரைக்கும் ஒரு மெஷின் அந்த வேலையைப் பாக்கும்" என்றாள். 

ஆபரேஷன் அன்று காலையில் சவேத்தாவைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்து, தலைமுடியைத் தொப்பிக்குள் திணித்து, கையில் இருந்த மோதிரத்தையும் கழுத்தில் இருந்த சின்னச் சிலுவையையும் கழற்றி இவன் உள்ளங்கையில் வைத்தார்கள். மோதிரத்தில் இன்னும் அவள் சூடு இருந்தது. அவன் கையை இறுக்கி மூடிக்கொண்டான்.

"கோழிக்குத் தண்ணி வெச்சியா?" என்றாள் சவேத்தா.

"வெச்சேன்."

"பொய் சொல்லாத."

"ஃப்ளோவாரியாகிட்ட சொல்லிட்டு வந்திருக்கேன், அவ வெப்பா." ஃப்ளோவாரியா பக்கத்து வீட்டுக்காரி. இந்தக் குடும்பத்தில் எது நடந்தாலும் முதலில் அவளுக்குத்தான் தெரியும்.

"சரி. இன்னொண்ணு. கோயில்ல எனக்காக ஒரு மெழுகுவத்தி வெக்கணும்."

"அதையும் ஃப்ளோவாரியாகிட்டயே சொல்லி..."

"கல்யாணத்தன்னைக்கு கோயில்ல என் பக்கத்துல கிரீடம் வெச்சுக்கிட்டு நின்னது ஃப்ளோவாரியாவா?"

கவ்ரில் அவள் போர்வையைச் சரிசெய்தான்.

"உன் கையால, மனுஷா. நீயே போய், நீயே கொளுத்தி வெக்கணும். இத்தனை வருஷத்துல உன்னை ஒண்ணுமே கேட்டதில்ல நான்."

"ஒண்ணுமே கேட்டதில்லையா? புது அடுப்பு கேட்டே. ஃப்ரிட்ஜ் கேட்டே. உங்கம்மாவுக்குப் பல்லு செட்டு கேட்டே. அதைப் போட்டுக்கிட்டுத்தானே அவங்க என்னைக் கடிச்சாங்க."

சவேத்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் மூச்சு முட்டியது. நர்ஸ் இவனை ஒரு முறை முறைத்தாள். சிரிப்பு அடங்கிய பிறகு சவேத்தா அவன் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் விளையாடல" என்றாள்.

"வெக்கறேன். சத்தியமா வெக்கறேன். நீ போயிட்டு வா."

கதவு சாத்திக்கொண்டது.

ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு சின்னப் பூங்கா. அதைத் தாண்டினால் ஒரு சின்னக் கோயில். கவ்ரில் அந்தப் பூங்காவைக் கடப்பதற்கே வெகுநேரம் எடுத்துக்கொண்டான். குளிர்காற்று ஊசி குத்துகிற மாதிரி அடித்தது. கோயில் வாசலில் ஒரு மரக்கூண்டு. அதற்குள் தலையில் முக்காடு போட்ட ஒரு அம்மாள் உட்கார்ந்து காலுறை பின்னிக்கொண்டே மெழுகுவத்தி விற்றுக்கொண்டிருந்தாள். அவள் பெயர் பரஸ்கீவா என்று பின்னால்தான் இவனுக்குத் தெரியும்.

"ஒண்ணு குடுங்க" என்றான். எது, என்ன, எதற்கு என்று அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்தான். அவள் பின்னுவதைக்கூட நிறுத்தாமல் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

அவன் ஊர்க் கோயிலில் உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு பெட்டி, இறந்தவர்களுக்கு ஒரு பெட்டி என்று முற்றத்தின் ரெண்டு மூலையில் இருக்கும். தவறிப்போய் மாற்றி வைக்க வழியில்லை. இங்கே இடம் இல்லாததால் ஒரே தகர அலமாரி, அதில் மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு. எந்தத் தட்டு யாருக்கு என்று மேலே எழுதியிருந்த பலகையில் கரி அப்பிக் கிடந்தது. கவ்ரில் அதை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மேல்தட்டில் மெழுகுவத்திகள் நெருக்கித் தள்ளுகிற கூட்டம். பாதி மெழுகுவத்தி அணைந்தும் சாய்ந்தும் கிடந்தது. காற்று வேறு அங்கேதான் நேராக வந்து அடித்தது. ஒரு தரம் கொளுத்தினான், அணைந்தது. மறுதரம் கொளுத்தினான், அதுவும் அணைந்தது. வாய் நுனிவரை வந்த கெட்டவார்த்தையை, இடம் ஞாபகம் வந்து, முழுங்கினான். கீழ்த்தட்டைக் குனிந்து பார்த்தான். காற்று படாத இடம், மணல் நிரப்பி, நடுவில் நிறையக் காலியாகவும் இருந்தது. வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டியவன் இடம் இருக்கிற இடத்தில்தானே வண்டியை நிறுத்துவான்? குத்துக்காலிட்டு உட்கார்ந்து மணலில் மெழுகுவத்தியைக் குத்திவைத்தான். சுடர் ஆடாமல் நின்றது. அவனுக்கே தன்மேல் ஒரு பெருமை.

அடுத்து என்ன சொல்வது என்று தெரியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "சவேத்தா" என்றான். போதாதோ என்று தோன்றியது. "சவேத்தா, எதுத்தாப்ல இருக்கற ஆஸ்பத்திரி, மூணாவது மாடி, வலது பக்கம்" என்று டாக்ஸிக்காரனுக்குச் சொல்கிற மாதிரி சொல்லி முடித்தான். மனசு கொஞ்சம் லேசான மாதிரி இருந்தது.

"ஐயா, யாரு போயிட்டாங்க?" என்று கூண்டிலிருந்து குரல் வந்தது.

"யாரும் போகல. ஏம்மா அபசகுனமா பேசறீங்க? எம் பொண்டாட்டிக்கு ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு."

பரஸ்கீவா பின்னுவதை நிறுத்தினாள். "அப்புறம் எதுக்கு அந்தம்மாவை செத்தவங்க தட்டுல வெச்சீங்க?"

கவ்ரில் கீழ்த்தட்டைத் திரும்பிப் பார்த்தான். வைத்ததுதான் வைத்தான், பேரையும் சொல்லி, அட்ரஸையும் அல்லவா சொல்லிவிட்டான்! அய்யோ, மூணாவது மாடி, வலது பக்கம் என்று வழி வேறு காட்டிவிட்டானே! பாய்ந்து குனிந்து மெழுகுவத்தியைப் பிடுங்கப் போனான். அதற்குள் பரஸ்கீவா காலுறையும் ஊசியுமாக ஓடி வந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"கையை எடுங்க! கீழ வெச்சதப் புடுங்கக்கூடாது."

"என் மெழுகுவத்தி, நான் எடுக்கறேன்!"

"வெக்கற வரைக்கும்தான் அது உங்களுது."

"எம் பொண்டாட்டி சாகலம்மா!"

"செத்துட்டாங்கன்னு நானா சொன்னேன்? நீங்கதான் போஸ்டர் ஒட்டாத குறையா வெச்சிருக்கீங்க."

 அந்த ஆறடி மனிதன் அப்படியே கோயில் படியில் உட்கார்ந்து முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டான். "இந்நேரம் எஞ்சினை நிறுத்தியிருப்பாங்கம்மா" என்றான். "இந்நேரம் பாத்து நான் இப்படிப் பண்ணித் தொலைச்சிட்டேனே. ஒரு வேலைதான் குடுத்தா. ஒரே ஒரு வேலை."

எஞ்சின் என்றால் என்ன என்று பரஸ்கீவாவுக்கு எப்படித் தெரியும்? ஆனால் அழுகை என்றால் தெரியும். 

"கடவுள் என்ன தபால் ஆபீஸ் கிளார்க்கா?" என்றாள். "தப்பான பெட்டியில போட்டா தப்பான ஊருக்கு அனுப்பறதுக்கு? எந்திரிங்க. உங்க வீட்டம்மாவுக்கு மேல வேற ஒண்ணு வெப்போம்."

"அப்படின்னா இதை ஏன் எடுக்கக்கூடாதுங்கறீங்க?"

"அது மரியாதை. ஒருத்தருக்குக் குடுத்ததப் புடுங்குவோமா? இது யாருக்குன்னு ஒரு பேரு சொல்லிடுங்க, அவங்களுக்குப் போகட்டும். உங்க வீட்ல இறந்தவங்க யாருமே இல்லையா?"

இருக்கிறாளே, ரவேக்கா! மாமியாரின் பெயரைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். மருமகனே, ஒத்த மெழுகுவத்திக்கு உனக்கு இத்தனை வருஷம் ஆச்சா என்று மேலிருந்து அவள் கேட்பதுகூட அவன் காதில் விழுந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது அவள் பெயர் இல்லை.

"இலிங்கா" என்றான்.

சொன்னதும் அவனே திடுக்கிட்டுப் போனான். முப்பது வருஷத்துக்கு மேல் அவன் வாயில் வராத பெயர்.

"யாரு இலிங்கா?" என்றாள் பரஸ்கீவா.

"எம் பொண்ணு."

அப்போது கவ்ரில் இளவட்டம், பஸ்ஸும் புதுசு. இலிங்காவுக்கு ரெண்டு வயசு முடிந்திருந்தது. வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் அப்பாவின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து இழுத்து, தன்னைத் தூக்கும்வரை விடமாட்டாள். ஒரு பனிக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கழுத்து விறைத்துக்கொண்டது. பனியில் ஆம்புலன்ஸ் வர வழியில்லை. கவ்ரில் யாரையும் கேட்காமல் ஷெட்டிலிருந்து பஸ்ஸை எடுத்தான். நேர் பின்சீட்டில் சவேத்தா, மடியில் போர்வைக்குள் குழந்தை, பக்கத்தில் ரவேக்கா. டிரைவர் சிலுவை போடுவதை எவனாவது பார்த்துப் போய்ச் சொன்னால் வேலைக்கு வேட்டு வைக்கிற காலம் அது. போனால் போகட்டும் என்று ஒவ்வொரு கோயிலிலும் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து சிலுவை போட்டான். வாய்விட்டுக் கெஞ்சினான். இவளை விட்டுடு, வேற எதை வேணா எடுத்துக்கோ என்றான். கெர்லா ஆஸ்பத்திரிக்கு முன்னால் கடைசிக் கோயில், பாலத்தை ஒட்டி. அங்கேயும் போட்டான். போட்ட கை இன்னும் நெஞ்சில் இருக்கும்போதே பின்னாலிருந்து சவேத்தா, "இனிமே மெதுவா ஓட்டு, கவ்ரில்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்ததில்லை. ரெண்டு கை ஜோக்கெல்லாம் அதை மூடிவைப்பதற்கு அவன் தைத்துக்கொண்ட சட்டை. சவேத்தாவுக்குத் தெரியும். ரவேக்காவுக்கும் தெரியும், தெரிந்துதான் ஒவ்வொரு தடவையும் கேட்டாள்.

இதையெல்லாம் கவ்ரில் அந்தப் படியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு காலுறைக்காரியிடம் சொல்லி முடித்தான். சொல்லிவிட்டு, "அன்னைக்கு ஒவ்வொரு கோயில்லயும் கேட்டேன். அவரு கேக்கல. ஏன் கேக்கல? சொல்லுங்க" என்றான், அவள்தான் காரணம் என்கிற மாதிரி.

"எனக்கு எப்படித் தெரியும்? நான் மெழுகுவத்தி விக்கிறவ" என்றாள் பரஸ்கீவா. "எம் பையன் இத்தாலிக்குப் போயி வருஷம் எத்தனையோ ஆச்சு. ஒரு போன் கிடையாது. தெனம் அவனுக்கு ஒண்ணு வெக்கறேன், அதோ, மேல் வரிசையில. இன்னைக்கும் வரல. நாளைக்கும் வெப்பேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "ஆனா ஒண்ணு கேக்கறேன். இத்தனை வருஷமா முறைச்சுக்கிட்டு திரியறீங்களே, யாரை? ஆளே இல்லாத வீட்டு வாசல்ல நின்னு யாராச்சும் முறைப்பாங்களா?"

 அந்தம்மா பதிலுக்காக நிற்கவில்லை. கூண்டுக்குள் போய் இன்னொரு மெழுகுவத்தியை எடுத்து வந்து அவன் கையில் திணித்தாள். "இதை மேல வெயுங்க. மேல!" என்று ரெண்டு தரம் சொன்னாள்.

அவன் குனிந்து முதலில் கீழே பார்த்தான். சுடர் அங்கே அசையாமல் நின்றுகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அவன் மகளுக்கு அவன் கையால் கிடைத்த முதல் மெழுகுவத்தி. அதுவும் தெரியாத்தனமாக!  "கண்ணு, அப்பா பேசறேன்" என்றான். "உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்ல. நீ அங்கதானே இருக்கே. என் சட்டையை இழுப்பியே, அதே மாதிரி அவரு சட்டையைப் புடிச்சு இழு. தூக்கற வரைக்கும் விடாத."

அதற்கப்புறம் மேல்தட்டில் சவேத்தாவின் மெழுகுவத்தியை வைத்தான். காற்று விட்டால்தானே? வைத்த மாத்திரத்தில் சுடர் படுத்துக்கொண்டது. ரெண்டு கையையும் குவித்து அதைச் சுற்றி வேலி போட்டான். கையை எடுத்தால் அணைந்துவிடும் போலிருந்தது. அதனால் எடுக்கவில்லை. விரல் மரத்துப்போனது, உள்ளங்கை சுட்டது, அப்படியே நின்றான்.

"சாமி" என்றான் மெதுவாக. "அன்னைக்கு நீ கேட்டியா கேக்கலையான்னு இன்னைக்கு நான் வழக்கு பேச வரல. உன் காதுல விழுந்துச்சுன்னே வெச்சுக்கறேன். நீ ஏன் அப்படிப் பண்ணேன்னு நேர்ல பாக்கறப்ப கேட்டுக்கறேன். இப்ப இவளை எனக்குக் குடு. குடுக்கலன்னா மறுபடி இங்கதான் வந்து அழுவேன். வேற யாருகிட்ட போவேன், சொல்லு?"

இப்படிச் சொன்னதும் என்ன ஆச்சரியம் என்றால், அவனுக்குப் பயம் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து எந்தத் தகவலும் வரவில்லை. நல்லது கெட்டது எதுவும் தெரியாது. ஆனாலும் சொல்லவேண்டிய காதில் சொல்லியாகிவிட்டது என்று ஒரு நிம்மதி. சின்னப் பிள்ளை அம்மாவிடம் புகார் சொல்லிவிட்டு, அடுத்து அவள் பாடு என்று நிற்குமே, அப்படி நின்றான். பரஸ்கீவா ஒரு டம்ளர் டீ கொண்டுவந்தாள். ரெண்டு கையும் வேலையாக இருந்ததால் அவளே அவன் வாயில் வைத்துக் குடிக்கவைத்தாள். "நல்ல கூத்து" என்று திட்டிக்கொண்டேதான் குடிக்கவைத்தாள்.

மெழுகுவத்தி கடைசிவரை எரிந்து தானாக அணைந்த பிறகுதான் கவ்ரில் கையை எடுத்தான்.

அவன் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி, மூணாவது மாடி பெஞ்சில் உட்கார்ந்து, வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வந்தாள். கண்ணெல்லாம் சிவந்து களைத்திருந்தாள். "எஞ்சின் ஓடுது" என்றாள். கவ்ரில் அவள் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டான். வெட்கத்தில் அவள், "முதல்ல நீங்க போயி ஏதாவது சாப்பிடுங்க" என்றாள்.

மறுநாள் ரெண்டே நிமிஷம் என்று சொல்லி உள்ளே விட்டார்கள். சவேத்தா சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப்போய்க் கிடந்தாள். உடம்பெல்லாம் குழாய். கண் மட்டும் பழைய சவேத்தா.

"வெச்சியா?" என்றாள். குரலே இல்லை.

"வெச்சேன்."

"உன் கையாலயா?"

"என் கையாலதான். ஆனா..." மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் பார்த்தான். அவளிடம் எதை மறைத்து அவன் ஜெயித்திருக்கிறான்? "ஒரு தப்பு பண்ணிட்டேன், சவேத்தா. திட்டாத. அந்தக் கோயில்ல மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு அடுக்கி வெச்சிருக்கான். காத்து வேற. உன்னுதைக் கொண்டுபோயி கீழ்த்தட்டுல வெச்சுட்டேன். இறந்தவங்க தட்டுல. திருப்பி எடுக்கவும் விடல. யாருக்காவது குடுத்துடுன்னாங்க." எச்சில் விழுங்கினான். "இலிங்காவுக்குக் குடுத்துட்டேன்."

சவேத்தா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்திலிருந்து தண்ணீர் வழிந்து காதுப்பக்கம் போனது. கவ்ரில் பதறிப்போனான்.

"அப்புறம் உனக்கும் மேல ஒண்ணு வெச்சேன், சத்தியமா! ரெண்டு கையால மறைச்சு..."

"ஏ மனுஷா, சும்மா இரு." சவேத்தா கண்ணைத் திறந்தாள். "ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை நான் வலப்பக்கப் பெட்டியில ஒண்ணு வெப்பேனே, என்ன கேட்டு வெச்சேன்னு நினைச்சே?"

"என்ன கேட்டே?"

"இந்தாளு ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, நம்ம பொண்ணு பேரைச் சொல்லி அவளுக்கு ஒரு மெழுகுவத்தி வெக்கணும்னு. அவ போனதுல இருந்து அதேதான். வேற ஒண்ணும் கேட்டதில்ல."

 "என்கிட்டயே கேட்டிருக்கலாமே?" என்றான் கவ்ரில்.

"உன்கிட்ட கேட்டா ஜோக்கடிப்பே. அவரு அடிக்கமாட்டாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "நேத்து நான் எனக்குத்தான் வெக்கச் சொன்னேன். சாமி சத்தியமா எனக்குத்தான். உன்னைக் குனிய வெச்சது நான் இல்ல."

நர்ஸ் வந்து நேரமாச்சு என்றாள். கவ்ரில் சட்டைப்பையிலிருந்து மோதிரத்தை எடுத்து அவள் விரலில் போடப் பார்த்தான். விரல் வீங்கியிருந்ததால் ஏறவில்லை. அதைத் தன் சுண்டுவிரலிலேயே மாட்டிக்கொண்டு, அவள் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு, கதவுவரை பின்பக்கமாகவே நடந்துபோனான்.

சவேத்தா மறுபடி ஊர் பஸ்ஸில் ஏறியபோது பிளம் மரங்களில் பூ வந்துவிட்டது. கெர்லா சந்தையில் கோழிக்குஞ்சு வாங்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று கிளம்பினாள். ஏறினவள் நேராகப் போய் அவள் அம்மாவின் சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஃப்ளோவாரியா. கோயில் கோயிலாக வந்துபோனது. எல்லோரும் சிலுவை போட்டார்கள். கவ்ரிலின் ரெண்டு கையும் ஸ்டியரிங்கில்தான் இருந்தன. யாரும் ஒன்றும் எதிர்பார்க்கவும் இல்லை.

பாலத்தை ஒட்டின அந்தக் கடைசிக் கோயில் வந்தது. கவ்ரில் வேகத்தைக் குறைத்தான். வலது கை ஸ்டியரிங்கை விட்டு மெல்ல எழுந்தது. நெற்றிக்குப் போனது, நெஞ்சுக்கு வந்தது, வலது தோளுக்கும் இடது தோளுக்கும் போய் வந்து நெஞ்சிலேயே நின்றுவிட்டது. பஸ்ஸில் ஒரு சத்தம் இல்லை. கோழிகூடக் கத்தவில்லை.

"அய்யய்யோ, அண்ணன் கையை எடுத்துட்டாரு!" என்று கூவினாள் ஃப்ளோவாரியா. "எல்லாரும் கம்பியை கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

பஸ் முழுக்கச் சிரித்தது. கவ்ரிலும் சிரித்தான், கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே சிரித்தான். பின்னாலிருந்து சவேத்தாவின் கை அவன் தோளில் வந்து உட்கார்ந்தது.

"மூணு தரம் போடணும், மனுஷா" என்றாள். "ஒண்ணோட நிறுத்தாத."

அவன் மிச்சம் ரெண்டையும் போட்டான். பஸ் நேராகத்தான் போனது.